மோட்டாரைத் தூக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கோடை தொடங்கியதும் வரும் வாசகர் கேள்விகளில் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. "சிங்கிள் பேஸ் போர் மோட்டார். பச்சை பட்டனை அழுத்தினால் ஆம்ஸ் முள் கடைசி வரை போய் நிற்கிறது. தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகிவிடுகிறது. காயில் போய்விட்டதா?" என்பதுதான் அது. கேள்வி வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் மோட்டாரைத் தூக்கியிருப்பார்கள். தூக்கியவர்களில் சிலருக்கு காயில் நன்றாகவே இருந்திருக்கும். கோளாறு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், சுவரில் தொங்கும் பெட்டிக்குள் இருந்திருக்கும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் குழித்தட்டு நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்குச் சென்ற சித்திரையில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நிழல்வலைக்கூடத்தில் அறுநூறு தட்டுகள். ஒரு தட்டில் 98 குழி. பாதி தக்காளி, பாதி மிளகாய். தக்காளிக்கு 22 நாள் ஆகியிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் வண்டி ஏற வேண்டும். எல்லாம் முன்பணம் வாங்கிய நாற்று. அந்த வெயிலில் தென்னை நார்க் கழிவில் நிற்கும் நாற்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். வயலில் நிற்கும் பயிர் இரண்டு நாள் தாங்கும். விரல் நுனி அளவு குழியில் நிற்கும் நாற்று ஒரு பிற்பகலைத் தாண்டுவதே கஷ்டம்.

அவரிடம் இருந்தது ஒன்றரை எச்.பி. மோட்டார், 240 அடியில். பழைய பேனல் பெட்டி மழையில் துருப்பிடித்து அடிப்பக்கம் உதிர்ந்துவிட்டது. புதுப் பெட்டி வாங்கும் யோசனையில் இருந்தபோது, பழைய சாமான் கடையில் பார்வைக்கு நல்லதாக ஒரு பெட்டி கிடைத்தது. மேலே '1.5 எச்.பி.' என்று ஸ்டிக்கர் இருந்தது. விலை புதியதில் மூன்றில் ஒரு பங்கு. சனிக்கிழமை மாலை மாட்டி, ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தது. ஆம்ஸ் மீட்டர் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டியது. பழைய பெட்டி, மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் கழித்து, பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நிறுத்திவிட்டு மறுபடி போட்டபோது கிளம்பவில்லை. முள் கடைசிக்குப் போனது; ட்ரிப் ஆனது. மூன்று தடவை, நாலு தடவை போட்டுப் பார்த்தார்கள். அதே கதைதான்.

அக்கம்பக்கத்தில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்தார். டெஸ்டரை வைத்தார். எல்லா இடத்திலும் விளக்கு எரிந்தது. "கரண்டு நல்லா வருதுக்கா. பெட்டி நேத்துதான் மாட்டுனது. மோட்டார்தான் போச்சு, தூக்கிரலாம்" என்றார். திங்கட்கிழமை காலை மோட்டார் தூக்கும் ஆட்களை வரச் சொல்லியாயிற்று. தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க ஏழெட்டாயிரம் ஆகும். மூன்று நாளும் ஆகும். பணத்தைவிட அந்த மூன்று நாள்தான் அந்த அம்மாவை உட்காரவிடவில்லை.

அந்தத் தம்பி சொன்னதில் ஒரு பிசகு இருந்தது. எல்லோரும் செய்யும் பிசகுதான். புதிதாக மாட்டிய பொருள் நல்லது, பல வருடமாக உள்ளே கிடக்கும் பொருள் கெட்டது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் அந்தப் பெட்டி புதிதாக வந்ததே தவிர, புதியது இல்லை.

திரும்பியவர் யார் என்றால், காயில் கட்டும் மேஸ்திரியேதான். மோட்டார் வருகிறது, சீக்கிரம் கட்டித் தர வேண்டும் என்று சொல்லத்தான் அவரைப் போனில் கூப்பிட்டார்கள்.

"நேத்து வரைக்கும் ஓடுன மோட்டாராம்மா?"

"ஆமாங்கண்ணே. நல்லா ஓடுச்சு."

"அப்ப நடுவுல மாறுனது என்ன?"

"பெட்டிதாங்கண்ணே."

"மாறாதத எதுக்குத் தூக்குறீங்க? நான் வர்றேன், இருங்க."

காயில் கட்டினால் அவருக்குத்தான் வருமானம். அதை விட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு மீட்டரும் ஒரு குண்டு பல்பும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் செய்த ஒவ்வொன்றையும் அதே வரிசையில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மும்முனை மின்சாரத்துக்கு, சுழலும் காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கும் குணம் உண்டு. அதனால் மும்முனை மோட்டார் தானாகவே கிளம்பும். ஒருமுனை மின்சாரம் அப்படி இல்லை. அது முன்னும் பின்னும் தள்ளும், சுற்றிவிடாது. ஊஞ்சலை முதலில் ஒரு கை தள்ளிவிடுவதுபோல, மோட்டாரையும் கிளப்பிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் மோட்டாருக்குள் இருக்கும் இரண்டாவது காயிலும், அதோடு சேரும் கண்டன்சரும். மெயின் காயிலோடு ஸ்டார்ட்டிங் காயில் ஒன்று உண்டு. கண்டன்சர் வழியாகப் போவதால் ஸ்டார்ட்டிங் காயிலில் ஓடும் கரண்டு மெயின் காயிலின் கரண்டுக்கு முந்திக்கொள்கிறது. அந்த வித்தியாசமே மோட்டாரைச் சுற்றவைக்கிறது.

பெட்டிக்குள் இரண்டு வகைக் கண்டன்சர் இருக்கும். ஒன்று ஸ்டார்ட் கண்டன்சர்: பெரும்பாலும் கறுப்பு உருளை. '120-150 எம்.எஃப்.டி.' என்பதுபோல ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். இது சில விநாடிகள் மட்டும் வேலை செய்யப் பிறந்தது. மற்றது ரன் கண்டன்சர்: '50 எம்.எஃப்.டி.' என்பதுபோல ஒரே எண் இருக்கும். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இது லைனில் இருக்கும்.

பச்சை பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது, அதனுள் இருக்கும் ஒரு தனி காண்டாக்ட் ஸ்டார்ட் கண்டன்சரைச் சேர்த்துவிடும். மோட்டார் கிளம்பியதும் கையை எடுத்தால் அந்தக் காண்டாக்ட் விலகிவிட வேண்டும். ரன் கண்டன்சர் மட்டும் தொடரும். சில பெட்டிகளில் பட்டனுக்குப் பதில் ஒரு ரிலே இந்த வேலையைச் செய்யும்.

மேஸ்திரி பார்த்த வரிசை

முதலில் மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது அல்லவா? பிறகு பெட்டியைத் திறந்து, குண்டு பல்பின் இரண்டு வயரையும் ஒவ்வொரு கண்டன்சரின் முனைகளிலும் சற்று நேரம் வைத்தார். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டன்சர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்; தொட்டால் தூக்கி அடிக்கும். திருப்புளியை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். அன்று பல்பு மின்னவில்லை. மின்னவில்லை என்றால் செய்த வேலை வீண் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய வேலை அது.

இரண்டாவது, போரிலிருந்து வரும் மூன்று வயரையும் பெட்டியிலிருந்து கழற்றினார். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்தார். 2.6, 4.9, 7.5 என்று வந்தது. சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வருகிறது. அப்படியானால் இரண்டு காயிலும் அறுந்துபோகவில்லை. பெரிய அளவு காட்டிய இரண்டு வயரைத் தவிர்த்து மீதி இருப்பது காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது பொதுவாக ரன், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்ட். வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பிப் பெட்டியை மாற்றக் கூடாது. ஸ்டார்ட்டும் ரன்னும் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீர் குறையும், காயில் சூடேறும்.

மூன்றாவது, 500 வோல்ட் மெகரை வயருக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். ஒரு மெகா ஓம்ஸுக்கு மேலேயே நின்றது. காயில் பாடியில் இறங்கவில்லை. "இப்பச் சொல்லுங்க, எதுக்குத் தூக்கணும்?" என்று அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். இவ்வளவுக்கும் ஆனது பத்து நிமிடம்.

நான்காவது, கண்டன்சர்கள். கறுப்பு உருளையின் தலையில் இருக்கும் சிறிய அடைப்பு பிதுங்கி, பழுப்பு நிறத்தில் பிசுக்கு வழிந்திருந்தது. காலையில் கேட்ட 'டப்' சத்தம் அதுதான். ஒரு முனையைக் கழற்றி அளந்தால் மீட்டரில் ஒன்றுமே ஏறவில்லை. ரன் கண்டன்சர் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்தது 36. மோட்டாரின் அட்டையில் கேட்டிருந்ததோ 50. மேலே ஸ்டிக்கர் ஒன்றரை எச்.பி. என்றாலும், உள்ளே யாரோ கையில் கிடைத்ததைப் போட்டுவைத்திருக்கிறார்கள். முதல் நாள் மோட்டார் கிளம்பியது ஸ்டார்ட் கண்டன்சர் உயிரோடு இருந்ததால்.

இந்த இடத்தில் பலரும் நிறுத்திவிடுவார்கள். கண்டன்சர் வெடித்திருக்கிறது, புதியதைப் போடு, வேலை முடிந்தது என்று. மேஸ்திரி நிறுத்தவில்லை. "இது ஏன் வெடிச்சது?" என்று கேட்டார். பச்சை பட்டனின் மூன்றாவது காண்டாக்டில் மீட்டரை வைத்தார். பட்டனை அழுத்தினால் பீப் என்றது, சரி. விட்டாலும் பீப் என்றது. விட்டால் சத்தம் நிற்க வேண்டும். திறந்து பார்த்தால், காண்டாக்ட் முனை கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் தளர்ந்து அதை இழுக்க வலுவில்லாமல் கிடந்தது.

கதை முழுவதும் அப்போது விளங்கியது. கையை எடுத்த பிறகும் ஸ்டார்ட் கண்டன்சர் லைனிலேயே இருந்திருக்கிறது. சனிக்கிழமை ஆம்ஸ் கூடுதலாகக் காட்டியது அதனால்தான். மீட்டர் பொய் சொல்லவில்லை. சில விநாடிகள் தாங்க வேண்டியது சில நிமிடம் தாங்கி, ஞாயிறு காலை வெடித்துவிட்டது. காண்டாக்டைக் கவனிக்காமல் கண்டன்சரை மட்டும் மாற்றியிருந்தால், புதியதும் அதே நாளில் போயிருக்கும். அந்த அதிக கரண்டு தொடர்ந்து ஓடியிருந்தால் நல்ல காயிலும் கருகியிருக்கும். அப்போது மோட்டாரைத் தூக்க நிஜமான காரணம் கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் பட்டன் செட், மோட்டார் அட்டையில் உள்ள அளவுக்கு இரண்டு கண்டன்சர், நாலைந்து வயர் நுனி லக் எல்லாம் வாங்கினார்கள். ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். பத்து மணிக்கு மோட்டார் ஓடியது. பட்டனிலிருந்து கையை எடுத்ததும் முள் இறங்கி ஒன்பது ஆம்ஸில் நின்றது. மோட்டார் தூக்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

எல்லா நாற்றும் பிழைத்தது என்று சொல்ல முடியாது. ஞாயிறு பிற்பகல் மேற்கு ஓரத்துத் தக்காளித் தட்டுகள் முப்பதுக்கு மேல் சுருண்டன. அவற்றில் பாதி எழவில்லை. மூன்று நாள் ஆகியிருந்தால் கூடமே போயிருக்கும்.

பெட்டியின் முள் சொல்லும் செய்தி

முள் கடைசிக்குப் போகிறது, மோட்டார் கிளம்பவில்லை: ஸ்டார்ட் கண்டன்சர், பட்டனின் மூன்றாவது காண்டாக்ட், தளர்ந்த வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு வோல்ட்டேஜ். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், கிளப்பும் விசை ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறைந்துவிடும். வோல்ட்டேஜ் குறையும் விகிதத்தைவிட விசை அதிகமாகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, டெலிவரி பைப்பில் காதை வைத்தால் உறுமல் மட்டும் கேட்கிறது என்றால், பம்பில் மணல் இறுகியிருக்கலாம். அப்போது தூக்கத்தான் வேண்டும்.

கிளம்புகிறது, ஆனால் கையை எடுத்த பிறகும் முள் வழக்கமான இடத்துக்கு இறங்கவில்லை: உடனே நிறுத்துங்கள். காண்டாக்ட் ஒட்டியிருக்கலாம், அல்லது ரன் கண்டன்சர் போயிருக்கலாம்.

கிளம்பி ஓடுகிறது, முள் சற்றுக் கூடுதல், தண்ணீர் குறைவு: ரன் கண்டன்சரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அதில் 5 சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு. 50 என்றால் 47.5 முதல் 52.5 வரை. 42, 43 என்று காட்டினால் மாற்றிவிடுங்கள்.

முள் அசையவே இல்லை: ஃபியூஸ், ட்ரிப் சுவிட்ச், வரும் லைன். டெஸ்டர் எரிவதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுசெய்யாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும்.

கிளம்பாத மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மிகப் பெரிய கெடுதல். ஒவ்வொரு தடவையும் பல மடங்கு கரண்டு காயிலில் பாய்கிறது. இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பச்சை பட்டனையும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பெட்டிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தால் ஒரு மரப்பலகை போடுங்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள். எர்த் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். லைனில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் நின்ற நாளில் நாற்றுக்கு

தட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு நெருக்கி வையுங்கள். ஓரத்துத் தட்டுதான் முதலில் காயும். மேலே இன்னொரு அடுக்கு நிழல்வலையோ பழைய சேலையோ கட்டுங்கள். கிடைக்கும் தண்ணீரைப் பூவாளியில் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுங்கள். முழுதாகக் காய்ந்த நார்க் கழிவு ஒரே தடவையில் தண்ணீர் குடிக்காது. மேலே நனைந்து உள்ளே காய்ந்தே இருக்கும். கொஞ்சம் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மறுபடி தெளியுங்கள். வாடிய நாற்றுக்கு அன்று உரக் கரைசல் கொடுக்கவே கூடாது. நிமிர்ந்து ஒரு நாள் போகட்டும்.

பழைய பெட்டி வாங்குவதானால்

பழைய பெட்டி வாங்குவதில் தப்பில்லை. தகரமும் மீட்டரும் பழையதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கண்டன்சரும் பட்டனும் மட்டும் சந்தேகத்துக்கு உரியவை. ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் கண்டன்சரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். உங்கள் மோட்டார் அட்டையோடு ஒப்பிடுங்கள். பட்டனை அழுத்தியும் விட்டும் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு கண்டன்சருக்கும் பட்டன் செட்டுக்கும் ஆகும் பணத்தைப் பெட்டியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் மலிவு என்றால் வாங்குங்கள்.

மேஸ்திரி கிளம்புமுன் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தார்: மோட்டார் 1.5 எச்.பி., ரன் 50, ஸ்டார்ட் 120-150, மூன்று வயரின் ஓம்ஸ், ஓடும்போது 9 ஆம்ஸ், தேதி. அந்த நாற்றங்காலில் இப்போது யார் பச்சை பட்டனை அழுத்தினாலும், கையை எடுத்ததும் முள் ஒன்பதில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்க்கிறார்கள். உங்கள் பெட்டிக் கதவிலும் இந்த ஐந்தாறு எண்ணை, மோட்டார் நன்றாக ஓடும் இன்றைக்கே எழுதிவையுங்கள். கெட்ட பிறகு அந்த எண் கிடைக்காது.